விளக்கின் எதிர்ப்புறம்

கொட்டாஞ்சேனையிலிருந்து ஆமர் வீதிச் சந்தியைத் தாண்டினால் பஞ்சிகாவத்தை. வாகனத்தில் எது பழுதுபட்டாலும் கொழும்பில் நம் கால்கள் முதலில் போகும் இடம் அது. அங்கே ஹெட்லைற் வாங்கும் காட்சியைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். கடைக்காரர் எல்.ஈ.டி. பல்பின் வயர்களை ஒரு பற்றரியில் தொடுகிறார். பட்டப்பகலில், நீலம் பாய்ந்த வெள்ளை வெளிச்சம் முகத்தில் அடிக்கிறது. வாங்க வந்தவர் கண்ணைச் சுருக்கி முகத்தைத் திருப்புகிறார். திருப்பிய முகத்தில் ஒரு திருப்தி. கண் கூசியதே சரக்கின் தரத்துக்குச் சாட்சி. பக்கத்தில் பழைய ஹலஜன் பல்பு மஞ்சளாய் அழுது வடிகிறது.

இந்த ஆசையை இலேசாகக் குறைசொல்லிவிட முடியாது. 2020இல் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025இல்தான். இடைப்பட்ட காலமெல்லாம் இருந்ததையே ஓட்டினோம். வெயிலில் நின்று நின்று விளக்கின் பிளாஸ்ரிக் மூடி பழுத்து மங்கிப்போனது. அடைமழை இரவில், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லொறிகளுக்கு நடுவே, பாதசாரிக் கடவையில் யார் கால் வைக்கிறார் என்று தெரியாமல் ஓட்டுபவரின் பயம் உண்மையான பயம். வெளிச்சம் வேண்டும் என்று அவர் நினைப்பதில் பகட்டு கொஞ்சம் இருக்கலாம், உயிராசைதான் அதிகம்.

ஆனால் அந்தக் கடைவாசலில் நாம் கவனியாத விசித்திரம் ஒன்று நடக்கிறது. வாங்கியவர் நின்றது விளக்குக்கு முன்னால். எதிரே வருகிறவன் நிற்கும் இடத்தில் அவர் நின்றார்; அவனுக்கு நேரப்போவது அவருக்கு நேர்ந்தது; அதையே மெச்சிக் காசு கொடுத்தார். வாகனத்தில் பூட்டி வீதியில் இறங்கிய பிறகு, அந்த இடத்தில் அவர் மறுபடி நிற்கப்போவதே இல்லை.

நாம் மட்டமாக நினைக்கும் பழைய எச்4 பல்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், டிம் வெளிச்சத்துக்கான இழையின் அடியில் நகக்கண் அளவில் ஓர் உலோகக் கிண்ணம் தெரியும். ஒளியின் ஒரு பகுதியை வேண்டுமென்றே மறைப்பதுதான் அதன் வேலை. அந்த மறைப்பினால்தான் வெளிச்சத்தின் மேல்விளிம்பில் ஒரு கோடு கிடைக்கிறது: கோட்டுக்குக் கீழே வீதி, மேலே எதிரே வருபவரின் கண். இடப்பக்கம் ஓட்டும் நம் நாட்டில் அந்தக் கோடு இடது ஓரத்தில் மட்டும் சற்று மேலேறும், நடைபாதையில் போகிறவர் தெரிவதற்காக. வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கென்று செய்த விளக்கை மலிவாய்க் கிடைத்ததென்று மாட்டினால், அந்த ஏற்றம் எதிர்வாகனத்தின் முகத்துக்கு நேராகப் போய்விடும். றிஃப்ளெக்டரின் வளைவோ, இழை எரியும் புள்ளியைக் கணக்கிட்டு வார்த்தது. அங்கே எல்.ஈ.டி.யைச் செருகி, அது ஓரிரு மில்லிமீற்றர் விலகினாலும் கோடு கலைந்துவிடும். ஜேர்மனி 2020இல் இத்தகைய மாற்று பல்புக்கு இடம்கொடுத்தபோதும், இன்ன பல்பு இன்ன வாகனத்துக்கு என்று பட்டியல் போட்டுத்தான் கொடுத்தது.

விளக்கை உடையவரையும் அந்த வெளிச்சம் ஏமாற்றுகிறது என்பது இன்னும் யோசிக்கவேண்டியது. பொனற்றுக்கு முன்னால் வெள்ளை பளீரென்று விரிந்தால் கண்மணி சுருங்கும். அருகிலுள்ளது துலங்கும், தொலைவிலுள்ளது இருளுக்குள் போகும். நன்றாகத் தெரிகிறது என்ற நினைப்பு கூடும்போதே தெரிவது குறைகிறது.

கொழும்புக் கோட்டையின் சத்தாம் வீதியில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம் 1857இல் கட்டப்பட்டது. பத்து ஆண்டுகள் கழித்து வெளிச்சவீடாகவும் ஆனது. சுற்றிலும் கட்டடங்கள் எழுந்து கடலை மறைக்கவே, 1952இல் அதன் விளக்கு அணைந்து, கரையோரத்தில் புதிய வெளிச்சவீடு வந்தது. பழைய விளக்கு மங்கிவிடவில்லை. கப்பலில் இருப்பவனுக்குத் தெரியாமல் போனது, அவ்வளவுதான். வெளிச்சவீட்டை அளப்பதற்கு எதிரே வருபவனின் கண்ணைத் தவிர வேறு அளவுகோல் கிடையாது.

வாகன விளக்குக்கு மட்டும் அந்த அளவுகோல் ஏன் நமக்குத் தோன்றுவதில்லை? செயலைச் செய்பவன் எப்போதும் அதன் பின்னால் இருக்கிறான் என்பதாலா? திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டியவர் அதன் முன்னால் படுத்துறங்குவதில்லை. வீட்டில் குரலை உயர்த்துபவருக்குத் தன் முகம் தெரிவதில்லை. அறிவாயினும் செல்வமாயினும் அதிகாரமாயினும், நம்மிடமிருந்து புறப்படும் ஒவ்வொன்றும் நமக்கு அழகிய பக்கத்தைக் காட்டிக்கொண்டு, தன் முழு வேகத்தோடு நாம் ஒருநாளும் போய் நில்லாத இடத்தில் விழுகிறது என்பதால், அந்த இடத்துக்கு மனத்தாலாவது நடந்துபோய் நின்று திரும்பிப் பார்க்கும் முயற்சியைத்தான் அறம் என்று நாம் அழைத்து வந்திருக்கிறோமோ என்று எண்ணத் தோன்றுகிறது.

சட்டம் அந்த இடத்துக்குப் பாதி தூரம்தான் வரும். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைச் சான்றிதழ் கேட்கிறார்கள். சொந்தக் காரின் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று கேட்பதில்லை. 2025 ஜனவரியில் கிளீன் ஸ்ரீலங்கா திட்டம் என்று பொலிஸார் வாகனங்களின் மேலதிக அலங்காரங்களைக் கழற்றப் புறப்பட்டபோது பஸ்காரரும் ஓட்டோக்காரரும் முறைப்பட்டார்கள். முறைப்பாட்டில் நியாயமும் இருந்திருக்கலாம். கழற்றுவது எளிது. எதிரே ஒருவர் கூசும் வெளிச்சத்தோடு வந்தால், நாமும் ஹைபீமைத் தட்டிப் பதில் சொல்கிறோமே, அதை யார் கழற்றுவது? ஜம்பட்டா வீதி போன்ற ஒடுங்கிய வீதியில் அப்படி இரண்டு வாகனங்கள் முகத்துக்கு முகம் வரும்போது, நடுவில் வீதியைக் கடக்கும் மூன்றாமவரை இரண்டு சாரதிகளுமே காண்பதில்லை. இருவருக்கும் அவர் அந்த வெள்ளைக்குள் மறைந்துபோகிறார். அவரோ, இத்தனை வெளிச்சத்தில் தன்னைக் கண்டிருப்பார்கள் என்று நம்பி அடுத்த அடியை எடுத்து வைக்கிறார்.