ஒருமுறை ஸேவை ஸாதித்து மறைந்த எம்பெருமான்



உத்ஸவ காலத்தில் தீர்த்தம் ஸாதிக்கும்போது சில அன்பர்கள் தயங்கி நின்று ஒரு வார்த்தை கேட்பதுண்டு. "ஸ்வாமி, முதல் தடவை சேவித்தபோது மெய் சிலிர்த்தது, கண்ணீர் பெருகிற்று. வருஷந்தோறும் வருகிறேன், இப்போது ஒன்றும் இல்லையே. பெருமாள் என்னைக் கைவிட்டாரோ?" என்பார்கள். பின்னால் கூட்டம் நெருக்கும்; அங்கே நின்று விடை சொல்ல இயலாது. ஆகையால் இங்கே விண்ணப்பிக்கிறேன்.

வேதங்களை வகுத்து, பாரதமும் அருளிச்செய்த பின்னும் நிறைவு காணாமல் ஸரஸ்வதி தீரத்தில் வீற்றிருந்த வியாஸருக்கு நாரதர் தம் முற்பிறவியைச் சொல்லியது ஸ்ரீமத் பாகவதம் முதல் ஸ்கந்தத்தில் உள்ளது. அப்பிறவியில் அவர் ஒரு பணிப்பெண்ணின் பிள்ளை. மழைக்காலத்தில் வந்து தங்கிய மஹான்களுக்குக் கைங்கர்யம் செய்து, பகவத் கதைகளைக் கேட்டவர். ஐந்து பிராயத்தில் தாயைப் பாம்பு தீண்டிற்று. துணையற்ற பாலகன் வடதிசை நோக்கி நடந்து, ஆளரவமற்ற வனத்தில் அரசமரத்தடியில் அமர்ந்து தியானித்தான். எம்பெருமான் மெல்ல மெல்ல அவன் ஹ்ருதயத்தில் எழுந்தருளினான். உடனே மறைந்தும் போனான். பதறி எழுந்த பிள்ளை மறுபடி மனத்தை நிறுத்திப் பார்த்தான். கிட்டவில்லை.

அப்போது ஓர் அசரீரி கேட்டது. இப்பிறவியில் இனி ஸேவை இல்லை. கஷாயம் கழியாதார்க்குத் தான் காண்பதற்கு அரியன். ஒருமுறை காட்டியது ஆசையை வளர்ப்பதற்காகவே என்றது. கஷாயம் என்பது மனத்தில் ஏறிய கறை. சாயம் ஏறிய வஸ்திரம் ஒரு முழுக்கில் வெளுத்துவிடுமா? ஆனாலும், "இப்பிறவியில் இல்லை" என்பது ஒரு குழந்தை கேட்கும் வார்த்தையா என்று நெஞ்சம் பதைக்கத்தான் செய்கிறது.

அப்பிள்ளை செய்தது என்ன? வேறொரு மரத்தடியைத் தேடிப் போகவில்லை. நாமோ அநுபவம் வற்றியவுடன் வேறு மந்திரம், வேறு க்ஷேத்ரம், வேறு ஸ்வாமிகள் என்று அலைகிறோம்! அவன் அசரீரி வந்த திக்கை நோக்கித் தலை வணங்கி, கூச்சத்தை விட்டுத் திருநாமங்களைப் பாடிக்கொண்டு, மதமும் மாத்ஸர்யமும் இன்றி, காலத்தை எதிர்பார்த்துப் பூமியில் திரிந்தான். தரிசனத்தை விரித்துரைத்த பாகவதம், ஒரு பிறவியின் எஞ்சிய காலத்தை ஓரிரு சுலோகங்களில் முடித்துவிடுகிறது.

மாத்ஸர்யம் இன்றி என்பதை அன்பர்கள் ஊன்றிப் பார்க்கவேண்டும். தமக்கு ஒரு காலத்தில் கிட்டியது நின்றுபோனவருக்கு, புதிதாய் வந்தவர் கண்ணீர் உகுப்பதைக் கண்டால் பொறுக்காது. "எல்லாம் நாலு நாள் வேகம்" என்பார். எம்பெருமான் மறைந்ததைவிட இச்சொல்லே பேரிழப்பு. ஸந்நிதியில் நித்ய திருவாராதனம் அர்ச்சகனின் மனநிலையைக் கேட்டு நடப்பதில்லை. வட்டில்களில் தீர்த்தம் சேர்த்தாக வேண்டும், திருவிளக்கு எரிந்தாக வேண்டும். உள்ளம் வறண்ட நாளில் செய்யும் கைங்கர்யத்தையும் அவன் அங்கீகரிக்கிறான். உங்கள் இல்லத்துப் பெருமாளுக்கு ஸமர்ப்பிக்கும் ஒரு துளஸி தளமும் அவ்வாறே.

அந்தத் தேஹம் விழுந்து, கல்பம் கழிந்து, நாரதராய்ப் பிறந்த பின் அவரே வியாஸரிடம் கூறுகிறார்: இப்பொழுது தாம் பாடத் தொடங்கினால், அழைத்தவர்க்கு வருவதுபோல் எம்பெருமான் விரைந்து உள்ளத்தில் வந்துவிடுகிறானாம். சொல்லிவிட்டு வீணையை மீட்டிக்கொண்டே அவர் எழுந்தருள, வியாஸர் தம் ஆச்ரமத்தில் தியானத்தில் அமர்ந்தார்.