அலரும் அறமும்

ஒரு காலம் தூற்றி ஒதுக்கிய நூல் பிற்காலத்தின் ஒழுக்கத்தையும் சிந்தனையையும் எப்படி மாற்றிவிடுகிறது என்ற கேள்விக்குத் தமிழ் மரபுக்குள்ளேயே ஒரு விடை இருக்கிறது. களவுக் காதல் வெளியே தெரிந்து ஊர் பேசத் தொடங்குவதை அகப்பாடல்கள் அலர் என்கின்றன. அலர் எழுந்துவிட்டால் களவு அப்படியே நீடிக்க முடியாது. காதலர் பிரிய வேண்டும், இல்லையென்றால் மணம் பேச வேண்டும். திருக்குறள் இதற்கென்றே அலரறிவுறுத்தல் என்று ஓர் அதிகாரத்தை ஒதுக்கியிருக்கிறது. தூற்றுகிறவர்கள் கெடுப்பதற்காகத்தான் பேசுகிறார்கள். ஆனால் அந்தப் பேச்சே உறவை ஊரறியச் செய்து, அதற்கு ஒரு முடிவு கேட்கிறது. கலகம் கிளப்பிய நூல்களில் காலத்தைத் தாண்டி நின்றவை செய்ததும் இதைத்தான்.

அலருக்குக் காரணம் காமம் என்று எண்ணுவது வழக்கம். தமிழ் இலக்கணம் வேறொன்றைச் சுட்டுகிறது. அன்பின் ஐந்திணையைப் பாடும்போது தலைவனுக்கோ தலைவிக்கோ இயற்பெயர் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பியத்தின் விதி. கூடல், ஊடல், பரத்தையிற் பிரிவு எல்லாவற்றையும் பாடலாம், ஆள் இன்னார் என்று தெரியக்கூடாது. நெடுநல்வாடையில் பிரிவால் வாடும் அரசியின் படுக்கையறை வரை பாடப்படுகிறது. இருந்தும் அது புறப்பாட்டு என்றே உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கொள்கிறார். காரணம், பாசறையில் ஒரு வேலின் தலையில் கட்டியிருந்த வேம்பு. அது பாண்டியனின் அடையாளம். ஒரு வேப்பந்தழை போதும், அகம் புறமாகிவிடும்.

இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் பிற்காலச் சர்ச்சைகள் பலவும் விளங்குகின்றன. உடலைப் பற்றிய பேச்சைச் சமூகம் பொறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. யார் உடல், எந்த ஊர், எந்தக் குலம் என்று முகவரி எழுதப்பட்ட இடத்தில்தான் அது வெகுண்டிருக்கிறது.

தென் தமிழகத்தின் இரண்டு ஊர்களில் இதற்குச் சான்று உண்டு. தெற்கே குற்றாலம். மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லியின் பந்தாட்டமும், பவனி வந்த குற்றாலநாதர் மேல் அவள் கொள்ளும் மோகமும், சிங்கனும் சிங்கியும் நடத்தும் கூச்சமற்ற உரையாடலும் வருகின்றன. பாடநூல்கள் பெரும்பாலும் மலைவளப் பாடல்களோடு நிறுத்திக்கொள்கின்றன என்பதைத் தவிர, இந்நூலால் யாரும் புண்பட்டதாகத் தெரியவில்லை. மோகம் கொண்டவள் கற்பனைப் பெண், மோகிக்கப்பட்டவர் இறைவன்.

வடக்கே திருவில்லிபுத்தூர். அங்கே நிலைமை இவ்வளவு எளிதாக இல்லை. ஆண்டாள் தம் பெயரிலேயே பேசுகிறார். திருப்பாவையின் 30 பாசுரங்கள் மார்கழியில் வீடுதோறும் ஒலிக்கின்றன. நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களில் வாரணமாயிரம் திருமண வீடுகளுக்குப் போய்விட்டது. காமனை வேண்டுவதும், மேகத்தைத் தூது விடுவதும், தம் உடலின் வேட்கையை ஒளிக்காமல் சொல்வதுமான மற்றப் பதிகங்கள் வெளியில் அதிகம் ஒலிப்பதில்லை. பெரியவாச்சான் பிள்ளை போன்ற உரையாசிரியர்கள் அவற்றை விலக்கவும் இல்லை, வெட்டவும் இல்லை. அந்த வேட்கை உயிர் இறைவனுக்காகத் தவிக்கும் தவிப்பு என்று உரை கண்டார்கள். வைணவத்துக்கு இதனால் கிடைத்த செல்வம் பெரிது: உடலின் ஏக்கம் பக்திக்குப் பகையல்ல, அதன் மொழியே என்ற கருத்து அங்கே நிலைபெற்றது. 2018 ஜனவரி 7 அன்று ராஜபாளையத்தில் கவிஞர் வைரமுத்து ஆற்றிய உரை பெரும் எதிர்ப்பைக் கிளப்பியதும் இந்தப் பாசுரங்களுக்காக அல்ல. ஆண்டாளைத் தேவதாசி மரபோடு இணைத்த ஓர் ஆய்வுக் கருத்தை அவர் எடுத்துச் சொன்னதற்காக. பாசுரங்களின் வேட்கை ஆயிரம் ஆண்டுகளாக வழிபாட்டில் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒரு குல முகவரி சொல்லப்பட்டபோதுதான் தெருவில் கூட்டம் கூடியது.

கூச்சமின்மை மட்டுமே ஒரு நூலுக்கு வலிமை தந்துவிடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். விறலிவிடு தூது என்ற சிற்றிலக்கிய வகை நாயக்கர் காலத்திலும் அதன் பின்னும் பெருகியது. சுப்பிரதீபக் கவிராயரின் கூளப்பநாயக்கன் விறலிவிடு தூது அவற்றில் பேர்பெற்றது. மனைவியோடு பிணங்கிப் போனவன் தாசியிடம் பொருளை இழந்து, வள்ளலிடம் பரிசு பெற்று, மனைவியைச் சமாதானப்படுத்த விறலியைத் தூதனுப்புவது இவ்வகையின் கதை. தாசியின் உடல் வருணிக்கப்படுகிறது, அவள் பேராசை பழிக்கப்படுகிறது, வள்ளல் புகழப்படுகிறார். மொழி வளத்தில் குறையில்லை. ஆனால் ஊர் ஏற்கெனவே நம்பியதையே அது திரும்பச் சொன்னது. தாசியின் பக்கத்திலிருந்து ஒரு சொல்கூடக் கேட்காத அந்த நூல்களால் யாருடைய அறத்திலும் ஒரு கேள்வி எழவில்லை.

அந்தப் பக்கத்திலிருந்து வந்த நூல் வேறு விளைவைத் தந்தது. தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் இருந்த முத்துப்பழனி, 18-ஆம் நூற்றாண்டில் தெலுங்கில் ராதிகா சாந்த்வனம் எழுதினார். கண்ணனுக்கு இளா என்ற இளம்பெண்ணை மணமுடித்துவைத்த ராதை, பின் பொறாமையில் வெந்து, கண்ணனால் ஆற்றப்படுவது அதன் பொருள். பாட்டி தொட்டுத் தம் மரபையும் முத்துப்பழனி நூலின் முகப்பில் பதித்திருந்தார். அச்சேறிய முந்தைய பதிப்பில் அந்த முகப்பு விடுபட்டது. சீர்திருத்தத் தலைவர் கந்துகூரி வீரேசலிங்கம், ஒரு பெண் வாயால் சொல்லத்தகாதவை என்று நூலைக் கண்டித்தார்.

இசைக் கலைஞர் பெங்களூர் நாகரத்தினம்மாள் ஏட்டுப் பிரதியைத் தேடிப் பிடித்து 1910-ல் முழுப் பதிப்பை வெளியிட்டார். இதைவிடத் துணிந்து எழுதிய ஆண் புலவர்களைப் பாடமாக வைக்கிறவர்கள் முத்துப்பழனியை மட்டும் தடுப்பது என்ன நியாயம், நாணம் பெண்ணுக்கு மட்டும்தான் இயற்கையா என்று முன்னுரையில் வாதிட்டார். 1911-ல் அரசு பிரதிகளைப் பறிமுதல் செய்தது. தடை நீங்க 1947 ஆயிற்று. தடையை நீக்கியவர் அன்றைய சென்னை மாகாணப் பிரதமர் தங்குடூரி பிரகாசம். 36 ஆண்டுகள் நூல் தடையில் இருந்தது. ஆனால் நாகரத்தினம்மாள் எழுப்பிய நியாயக் கேள்வி அந்தத் தடையோடு சேர்ந்தே பயணம் செய்தது: ஒரே சொல் ஆண் சொன்னால் கலை, பெண் சொன்னால் ஆபாசம் என்றால், காக்கப்படுவது ஒழுக்கமா, ஆணின் உரிமையா?

அதே 1947-ல் தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டமும் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. அதற்குத் துணைநின்ற எழுத்துகளில் ஒன்று, அதே மரபிலிருந்து வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936-ல் வெளியிட்ட ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’. அந்த ஒழிப்பு முயற்சியை நாகரத்தினம்மாள் ஏற்கவில்லை. இருவரும் இரு திசையில் இழுத்தார்கள். ஆனால் தாசியைப் பற்றிப் பிறர் பேசிய காலத்தை இருவருமே முடித்துவைத்தார்கள்.

நூலைத் தண்டிக்கும் சட்டமும் இங்கே இருந்தது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 292-ஆம் பிரிவு ஆபாச நூல்களை விற்பதைக் குற்றமாக்கியது. எது ஆபாசம் என்பதற்கு, எளிதில் கெடக்கூடிய மனங்களைக் கெடுக்கும் போக்கு உள்ளதா என்று பார்க்கும் 1868-ஆம் ஆண்டின் இங்கிலாந்துத் தீர்ப்பே நெடுங்காலம் அளவுகோலாக இருந்தது. 1964-ல் ஆங்கில எழுத்தாளர் டி.எச். லாரன்ஸின் ‘லேடி சாட்டர்லியின் காதலன்’ வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றமும் அதையே கொண்டது. இருக்கிறவர்களிலேயே பலவீனமான மனத்தை வைத்து எல்லோருக்குமான நூலை அளப்பது அந்த அளவுகோல். 2014-ல்தான் உச்ச நீதிமன்றம் அதைக் கைவிட்டு, சமகாலச் சமூகத்தின் நோக்கை அளவாக்கியது. 292-ஆம் பிரிவில் ஒரு விலக்கும் இருந்தது. கோயிலில் உள்ள சிற்பத்துக்கும், திருமேனியை ஏற்றிச் செல்லும் தேரில் செதுக்கியதற்கும் பிரிவு பொருந்தாது என்றது அது. தேரின் அடித்தட்டில் மரத்தில் செதுக்கிய இணையைக் குழந்தைகளோடு வடம்பிடிக்கிறவர்கள் பார்க்கலாம், அதையே தாளில் எழுதினால் வழக்கு. சமயம் தந்த பாதுகாப்பைச் சட்டம் இலக்கியத்துக்கு 1969 வரை தரவில்லை.

அந்தப் பாதுகாப்பு இல்லாத காலத்தில்தான், நெல்லைச் சீமையின் புதுமைப்பித்தன் 1934-ல் மணிக்கொடி இதழில் எழுதிய பொன்னகரம் சிறுகதை, அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்குக் கஞ்சி வார்க்க உடலை விற்கும் அம்மாளுவைக் காட்டியது. கற்பைப் பற்றிய பேச்சில் அதுவரை கூலியும் வறுமையும் அதிகம் நுழைந்ததில்லை. பிறகு அவற்றை விட்டுவிட்டுப் பேசுவது அவ்வளவு எளிதாக இல்லை. 1943-ல் வந்த சாபவிமோசனத்தில், சீதையை இராமன் தீயில் இறங்கச் சொன்னதைக் கேட்ட அகலிகை மறுபடியும் கல்லாகிறாள். தெய்வத்திடமே நீதியைக் கேட்கும் துணிவு அக்கதையில் இருக்கிறது.

அந்தத் துணிவு பின்னரும் தொடர்ந்தது. சூஃபி ஞானி பீர்முகம்மது அப்பா அடங்கியிருக்கும் தக்கலையில் அவருடைய ஞானப்புகழ்ச்சியை ஆண்டுதோறும் இரவு முழுக்கப் பாடுகிறார்கள். அந்த ஊர்க் கவிஞர் எச்.ஜி. ரசூல் 2000-ல் வெளியிட்ட ‘மைலாஞ்சி’, இறைத்தூதர்களில் பெண் ஏன் இல்லை என்று ஒரு மகளின் குரலில் கேட்டது. கண்டனம் எழுந்தது. 2007-ல் ஒரு கட்டுரைக்காக உள்ளூர் ஜமாஅத் அவரை ஊர்விலக்கம் செய்தது. 2004-ல் வந்த சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ முஸ்லிம் பெண்கள் வீட்டுக்குள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை வெளியே கொண்டுவந்தது. இவ்விரு எழுத்தாளர்களையும் மதத்தின் எதிரிகள் என்றார்கள். இருவரும் மதத்துக்குள் நின்றுதான் கேட்டார்கள். வெளியிலிருந்து வரும் கேள்வியைத் தள்ளிவிடலாம், வீட்டு மகள் கேட்டால் விடை சொல்லியாக வேண்டும். சமூகம் அதிகம் கலங்குவது அதனால்தான்.

இவை எல்லாவற்றிலும் பெயரின் வலிமையை முழுமையாகக் காட்டியது பெருமாள்முருகனின் மாதொருபாகன். 2010-ல் காலச்சுவடு வெளியிட்ட இந்நாவலில், காளியும் பொன்னாவும் அன்பில் குறைவில்லாத குடியானவத் தம்பதி. பிள்ளை இல்லை. ஊரின் குத்தல் பேச்சு அவர்களை நாள்தோறும் அறுக்கிறது. திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயில் வைகாசித் தேர்த் திருவிழாவின் பதினான்காம் நாள் இரவில், பிள்ளையில்லாத பெண் முகம் தெரியாத ஆணோடு சேரலாம், பிறக்கும் குழந்தை சாமி கொடுத்த பிள்ளை என்று ஏற்கப்படும் பழைய வழக்கம் என்று சொல்லப்படுவதை நாவல் கதையாக்குகிறது. பொன்னாவின் கதையை இரண்டு அறங்கள் இழுக்கின்றன: வம்சம் தழைக்க வேண்டும் என்ற குடும்ப அறம், கணவனுக்கும் மனைவிக்கும் இடையிலான உரிமை என்ற கற்பின் அறம். இரண்டையும் சமயமே புனிதமாக்கியிருக்கிறது. இரண்டும் மோதும்போது நொறுங்குவது பெண் என்பதை நாவல் கண்ணெதிரே வைத்தது.

நான்கு ஆண்டுகள் யாரும் எதிர்க்கவில்லை. 2013-ல் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தபின், 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டு விநியோகமாயின. நூல் எரிக்கப்பட்டது, கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடந்த அமைதிப் பேச்சில் நிபந்தனையற்ற மன்னிப்பில் அவர் கையெழுத்திட நேர்ந்தது. அதன்பின் எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். எதிர்த்தவர்களின் மனக்குறையைப் பொய் என்று ஒதுக்க முடியாது. ஊர்ப் பெயரும் சாதி அடையாளமும் எழுதப்பட்டதால், தங்கள் பாட்டிகளைப் பற்றி ஊர் பேசுவதாக அவர்கள் உணர்ந்தார்கள். வேலில் கட்டிய வேம்பு செய்த வேலையைத் திருச்செங்கோடு என்ற பெயர் இங்கே செய்தது. ஆனால் அந்தப் பெயர் இல்லாமல் நாவலின் கேள்வி எழுந்திருக்காது. பெயரற்ற ஊரில் நடந்தால் அது பழங்கதை. பாரதத்தில் வியாசர் வழியாகப் பிறந்த திருதராட்டிரனையும் பாண்டுவையும் கேட்டு எவரும் புண்படுவதில்லை.

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் தீர்ப்பளித்தார்கள். அமைதிப் பேச்சில் பெறப்பட்ட உடன்பாடு எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது, நாவல் ஆபாசமல்ல, பிடிக்காதவர் படிக்காமல் விடலாம், எழுத்தாளர் மீண்டும் எழுத வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு நூல் சில பக்கங்களால் அல்ல, முழுமையால் அளக்கப்பட வேண்டும் என்பதை அத்தீர்ப்பு வலியுறுத்தியது. இத்தகைய பிணக்குகளில் அரசு அலுவலர்கள் கட்டப்பஞ்சாயத்து போல நடந்துகொள்வதற்கும் அது தடையாக நிற்கிறது.

இழப்பும் உண்டு. மீண்டு வந்த பெருமாள்முருகன் 2016-ல் எழுதிய நாவல் பூனாச்சி, ஒரு வெள்ளாட்டின் கதை. மனிதரைப் பற்றி எழுத அச்சம், தெய்வங்களைப் பற்றி எழுதப் பேரச்சம் என்பதை அதன் முன்னுரையிலேயே சொல்லியிருக்கிறார். கொங்கு நாட்டின் ஊர்களைப் பெயர் சொல்லி, தெருத் தெருவாக எழுதிய கை ஊர்ப் பெயர் இல்லாத வெளிக்கு நகர்ந்தது. நீதிமன்றம் நூலைக் காத்தது. பெயர் சொல்லி எழுதும் துணிவைத் திருப்பித் தருவது வாசிக்கிற ஊரின் கையில்தான் இருக்கிறது.