மூன்றாவது ஆள்

'சமூகம் சார்ந்த உதவி' என்ற சொற்றொடர் அரசாங்கக் காகிதங்களிலும் தொண்டு நிறுவன அறிக்கைகளிலும் அடிக்கடி வருகிறது. விடலைப் பருவத்துப் பிள்ளையோடு மோதித் தவிக்கும் குடும்பத்துக்கு, போலீஸும் கோர்ட்டும் வருமுன் அக்கம்பக்கமே கைகொடுப்பது என்று இதற்கு அர்த்தம். நல்ல யோசனைதான். ஆனால் ராஜபாளையத்தில் இதைச் சொல்லிப் பார்த்தால் வேறு மாதிரி ஒலிக்கிறது. இங்கே 'நம்ம சமூகம்' என்றால் ஜாதி. கல்யாண மண்டபத்துப் பெயர்ப்பலகையிலும் சுவரொட்டியிலும் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் கிடையாது. ஆகவே, குடும்பத்துக்கும் அதன் பதினாறு வயதுப் பிள்ளைக்கும் நடுவே சமூகத்தைப் புதிதாக அழைத்துவர வேண்டியதில்லை. அது ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. யாருக்காக உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

பழைய தெருக்களில் இன்றும் சாவடிகள் இருக்கின்றன. சாவடியை இளக்காரமாகப் பேசுவது சுலபம். ஆனால் அதற்குச் சில தகுதிகள் உண்டு. தகப்பனின் குடியும் கடனும் அதற்குத் தெரியும். நடுராத்திரியில் கதவைத் தட்டலாம். பணம் கேட்காது. இத்தனை இருந்தும், பிள்ளையின் விஷயத்தில் அது நடுநிலையாக இருக்க முடிவதில்லை. 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்று தகப்பன் கலங்குகிறானே, அந்த நாலு பேர்தான் சாவடியில் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருப்பவர்கள். தனக்கே பங்கம் வந்துவிட்டதாக நினைக்கிறவன் மத்தியஸ்தனாக இருக்க முடியாது. படிக்க மறுத்த பையன், வேறு தெருப் பையனோடு பேசிய பெண் – எதை எடுத்துப்போனாலும் சாவடியில் அது மானப் பிரச்னையாகிவிடுகிறது.

சாவடி போதாதபோது பஸ் ஏறினால் ஸ்ரீவில்லிபுத்தூர். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் அங்கேதான் இருக்கிறது. போக்சோ வழக்குகளும் அங்கேதான். 2012ஆம் வருடத்திய அந்தச் சட்டம் குழந்தைகள்மீது நடக்கும் கொடுமைக்கு எதிரானது. வீட்டுக்குள்ளேயே கொடுமை நடக்கும்போது அது இல்லாமல் தீராது. ஆனால் பதினெட்டு வயதுக்குக் கீழ் சம்மதம் என்பதை அது ஏற்பதில்லை. ஆகவே, மகளின் காதலைப் பொறுக்க முடியாத தகப்பன் கைக்கும் அது ஆயுதமாகக் கிடைத்துவிடுகிறது. 2021 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் இப்படிப்பட்ட வழக்கொன்றை ரத்து செய்தது. காதல் உறவில் இருக்கும் பதின்வயதினரைக் குற்றவாளிகளாக்குவது இச்சட்டத்தின் நோக்கமல்ல என்றார் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ். சாவடி சச்சரவை மானமாக்குகிறது; கோர்ட் அதைக் குற்றமாக்குகிறது. சச்சரவைச் சச்சரவாகவே ஏற்றுக்கொள்ளும் இடம் எது?

சட்டத்தின் சரித்திரத்தில் இதற்கு ஒரு குறிப்பு இருக்கிறது. அமெரிக்காவின் மாசாசூஸெட்ஸில் 1646ல் அடங்காத மகனுக்கு மரணதண்டனை விதிக்கச் சட்டம் இடம்தந்தது. நம்முடைய 1960ஆம் வருடக் குழந்தைகள் சட்டத்திலும், 1986ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டத்திலும் 'கட்டுக்கடங்காதவர்' என்றே ஒரு பிரிவு இருந்தது. என்னால் அடக்க முடியவில்லை என்று பெற்றோர் மனு கொடுத்தால், விசாரித்துவிட்டுப் பிள்ளையை இல்லத்துக்கு அனுப்பலாம். 2000ஆம் வருடச் சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை. பிள்ளையைக் கட்டுப்படுத்தத் தகுதியோ சக்தியோ இல்லாத பெற்றோரையுடைய குழந்தை பாதுகாப்புக்குரியது என்பது மட்டும் நின்றது. குறை பிள்ளையிடமிருந்து பெற்றோருக்கு இடம் மாறியது. இது பெரிய மாற்றம்தான். ஆனாலும் குறை யாரிடம் என்கிற கேள்வி மட்டும் மாறவில்லை. ஒருவர் தோற்றே ஆகவேண்டும்.

காஃப்கா 1919ல், முப்பத்தாறு வயதில், தகப்பனுக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதித் தாயிடம் கொடுத்தார். தாய் அதைச் சேர்ப்பிக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்கிறார் நண்பர் மாக்ஸ் பிராட். குடும்பத்துக்குள் இருக்கும் மத்தியஸ்தரின் நிலைமை இதுதான். நம் ஊரில் கோபித்துக்கொண்டு போகும் பிள்ளைக்கு அம்மாச்சி வீடு இருந்தது. இரண்டு நாள் சோறு போடுவாள், எதுவும் கேட்கமாட்டாள். ஒரு சேவை செய்யக்கூடியதில் பாதியை அவள் செய்துவிட்டாள். மீதிப் பாதி, கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அதற்கு அந்தக் குடும்பத்தின் கௌரவத்தில் பங்கில்லாத ஆள் வேண்டும்.

2009ல் வந்த ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம் கிராமந்தோறும் ஒரு குழுவை வகுத்தது. ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், செவிலியர் ஆகியோரோடு சிறுவர் பிரதிநிதிகள் இருவர். அந்த இருவரைச் சேர்த்ததில் ஒரு தத்துவமே இருக்கிறது. தலைமை மட்டும் பஞ்சாயத்துத் தலைவருக்கு. அவர் எந்தத் தெருக்காரர் என்பதைப் பொறுத்து அந்தக் குழு சேவையாகலாம், இன்னொரு சாவடியும் ஆகலாம். 1098க்குப் போன் செய்யும் குழந்தைக்குத் தேவைப்படுவதும், எதிர்முனையில் தன் தகப்பன் பெயர் தெரியாத ஒரு குரல்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரின் ஐதிகத்தை இந்தக் கோணத்தில் யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை. துளசித் தோட்டத்தில் கிடைத்த பெண். குலம் கோத்திரம் தெரியாது. பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தானே சூடிப் பார்க்கிறாள். தகப்பனுக்கு அது அபசாரம். பெரியாழ்வார் ஊரைக் கூட்டவில்லை. வேறு மாலை கட்டுகிறார். பிறகு கனவில் ஒரு குரல், அவள் சூடியதே எனக்கு வேண்டும் என்கிறது. பக்தர்களுக்கு அது பகவான். குடும்பச் சச்சரவு என்ற அளவில் பார்த்தால் அது மூன்றாவது ஆள். அவர் மகளைத் திருத்தவில்லை, தகப்பனைக் கண்டிக்கவும் இல்லை. தகப்பன் குற்றமாகக் கண்டதற்கு வேறு பெயர் இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்.

அவள் சூடிய மாலை புரட்டாசியில் திருப்பதிக்கும் சித்திரையில் அழகர்கோவிலுக்கும் இன்றும் போகிறது. அதே ஊர்க் கோர்ட் வாசலில் வருஷம் முழுக்கத் தகப்பன்மார்கள் காத்திருக்கிறார்கள்.