படைப்புக்கு முந்திய நியதி

சர்வ வல்லமை படைத்த இறைவனுக்கு உலகைச் சிருஷ்டிக்க ஒரு கணம் போதாதா, ஆறு நாள் எதற்கு என்ற வினாவை எடுத்துக்கொண்ட அகஸ்டின் முனிவர், ஆதியாகமத்துக்கு எழுதிய விரிவுரையில், கர்த்தர் ஆறு நாளில் படைத்ததனால் ஆறு பூரண எண் ஆகவில்லை, ஆறு பூரணமாய் இருந்ததனாலேயே ஆறு நாளைக் கொண்டார் என்று விடை தந்தார். தன்னை மீதமின்றி வகுக்கும் சிற்றெண்களாகிய 1, 2, 3 ஆகியவற்றைக் கூட்டினால் மீண்டும் தானே வந்து நிற்பதுதான் ஆறின் பூரணத்துவம். அவ்வாறாயின், படைத்தவனும் கைக்கொண்டொழுகும் ஒரு நியதி படைப்புக்கு முன்னரே இருந்ததென்று ஆகாதா?

எண்களைப் பூரணம், மிகை, குறை என வகுத்த நிகோமாக்கஸ் அறிந்த பூரண எண்கள் 6, 28, 496, 8128 என்னும் நான்கே. இலக்கத்துக்கு ஒன்றாக, ஆறிலும் எட்டிலும் மாறி மாறி முடியும் அழகிய வரிசையென அவர் அதனைக் கண்டார். ஐந்தாவது எண்ணோ ஐந்து இலக்கத்தில் இல்லை. ஆறிலும் ஏழிலும்கூட இல்லாமல், எட்டு இலக்கத்தில் 33550336 ஆக வெளிப்பட்டது. அதற்கடுத்த 8589869056 என்பதும் ஆறிலேயே முடிந்து, மாறி வரும் ஒழுங்கையும் தகர்த்துவிட்டது.

ஆயினும் அந்த ஐந்தாம் எண்ணின் அகத்தே விளங்கும் ஒழுங்கு வியக்கத்தக்கது. அதனினும் சிறிய வகுத்திகள் இருபத்தைந்து: ஒன்றில் தொடங்கி இரட்டித்து இரட்டித்து 4096 வரை செல்லும் பதின்மூன்றின் கூட்டுத்தொகை 8191 என்னும் பகா எண், அதனையே முதலாகக் கொண்டு 16775168 வரை மீண்டும் இரட்டிக்கும் பன்னிரண்டையும் சேர்த்தால் அந்த எண்ணே திரும்ப வந்துவிடுகிறது. ஒன்று முதல் 8191 வரை வரிசையாகக் கூட்டினாலும் அதே தொகைதான். ஆகவே அது முக்கோண எண்ணுமாகும். இதற்கான விதியை யூக்ளிட் கிறிஸ்துவுக்கு முன்னரே நிறுவிவிட்டார்.

நித்திய சத்தியங்களும், அரசன் தன் நாட்டுக்குச் சட்டம் விதிப்பதுபோல ஈசுவர சித்தம் விதித்தவையே என்று டெகார்ட் 1630இல் மெர்சென்னுக்கு எழுதினார். இறைவனின் சுதந்தரத்துக்கு ஊறு நேரலாகாது என்ற பக்தியிலே பிறந்த கொள்கை அது. எனினும் என் நெஞ்சம் அதற்கு இசையவில்லை. 33550336 பூரணமற்றதாய் இருக்கும் ஓர் உலகை எவ்வளவு முயன்றும் என்னால் பாவிக்க இயலவில்லை. விதித்த கட்டளையாயின் வேறாகவும் விதித்திருக்கலாம் அல்லவா? அகஸ்டின் கொண்டதுபோல, எண்ணின் நியதி இறைவனுக்குப் புறம்பானதன்று, அவனுடைய ஞானத்தின் சொரூபமே என்று கொண்டால், அவன் அதற்குக் கட்டுப்பட்டான் என்ற குறையும் எழாது. தன் இயல்பிலே தான் நிற்பதை எவரும் அடிமைத்தனம் என்னார்.

ஒற்றைப்படையில் ஒரு பூரண எண் உண்டா என்பதை இன்றளவும் கண்டவரும் இல்லை, இல்லையென்று நிறுவியவரும் இல்லை. ஆயினும் அதற்குரிய விடை, நாம் தேடத் தொடங்குமுன்பே முடிவாகிவிட்டதென்றே நான் நம்புகிறேன்.