யாருடைய பிள்ளை?



ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ வாழும் பிள்ளையில்லாத தம்பதிகளை நினைத்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்காய் விண்ணப்பம் எழுதி, விசாரணைகளுக்கு உட்பட்டு, சேமித்த பணத்தைச் செலவழித்து, ஒரு பகலும் ஓரிரவும் ஆகாய விமானத்தில் கழித்து, வியட்நாம் தேசத்து ஹனோய் நகரில் வந்து இறங்குகிறார்கள். கையில் இருப்பது ஒரு குழந்தையின் புகைப்படம். இத்தனை பாடுபட்டு வந்தவர்களுக்கு அந்தக் குழந்தையின்மேல் உரிமை உண்டா?

"இதென்ன கேள்வி? அநாதைக்கு வீடு கொடுப்பது தர்மமல்லவா?" என்பீர்கள். தர்மமே. அர்ச். சூசையப்பரே வளர்ப்புத் தந்தைதானே! ஆனால் கேள்வி அதுவன்று. பிரயாணத்தின் கஷ்டம் உரிமைப் பத்திரமாகுமா என்பதே கேள்வி. ஆகாது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

1975 ஏப்ரலில் நடந்ததைப் பாருங்கள். சைகோன் நகரம் வடவர் கைக்கு மாறும் தறுவாயில், 2,000-க்கு அதிகமான குழந்தைகள் அவசர அவசரமாய் விமானங்களில் ஏற்றப்பட்டு அமெரிக்காவுக்கும் பிற நாடுகளுக்கும் கொண்டுபோகப்பட்டார்கள். ஏப்ரல் 4-ந் தேதி ஒரு விமானம் விழுந்து நொறுங்கி, 70-க்கு மேற்பட்ட பாலகர் மாண்டார்கள். கொண்டுபோனவர்களில் பெரும்பாலோர் நல்லெண்ணமுள்ளவர்களே. ஆயினும் அக்குழந்தைகள் எல்லாரும் அநாதைகள் அல்லர். சோறு போட வழியில்லாமலும் குண்டுக்குப் பயந்தும் சில தாய்மார் தம் பிள்ளைகளை அநாதைசாலையில் விட்டிருந்தார்கள், விட்டிருந்தார்களேயன்றி, விட்டுக்கொடுக்கவில்லை. அவர்களில் ஒருத்தி அகதியாய் அமெரிக்கா போய்ச் சேர்ந்து, நீதிமன்றம் ஏறினாள். ஐயோவா மாநில உச்ச நீதிமன்றம் 1976-ல் மகனை அவளுக்கே கொடுக்கும்படி தீர்ப்புச் சொல்லிற்று. அதுவரை அவனைத் தூக்கி வளர்த்தவர்கள் விட்ட கண்ணீரும் பொய்யல்லவே. அந்த வீட்டை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

சாலொமோன் அரசன் பிள்ளையை இரண்டாக்கச் சொன்னபோது, கையை விட்டவளே தாயென்று கண்டுகொண்டான். பெற்ற தாயைப் பற்றித்தான் பிரசங்கங்களில் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். வளர்க்க வந்தவர்களுக்கும் அது அளவுகோல் அல்லவா? ஹனோயில் இறங்கிய நம் தம்பதிகளிடம், "குழந்தையின் பாட்டி வந்திருக்கிறாள், தானே வளர்ப்பதாய்ச் சொல்கிறாள்" என்று யாராவது சொன்னால் என்ன செய்வார்கள்? புகைப்படத்தை மார்பில் அணைத்தபடி வெறுங்கையோடு திரும்பச் சொல்வது கொடுமைதான். இருந்தாலும், திரும்பிப்போகத் துணிபவர்களிடம் ஒரு குழந்தையை நம்பிக் கொடுக்கலாம். "இவ்வளவு செலவழித்தோமே" என்று வாதாடுகிறவர்களிடம் கொடுக்க எனக்கு மனம் வராது.

வியட்நாம் தேசம் 2010-ல் இயற்றிய சட்டம் இவ்விஷயத்தில் விவேகமானது. பிள்ளை பிறந்து 15 நாள் ஆகுமுன் பெற்றோர் சம்மதம் கொடுக்கக் கூடாது. சொந்த நாட்டில் ஒரு குடும்பம் கிடைக்குமா என்று தேடின பிறகே அந்நியருக்குக் கொடுக்கலாம். 9 வயதான பிள்ளையானால் அதன் சம்மதமும் வேண்டும். குழந்தையைக் கையேற்கும் நாளில் வளர்ப்புப் பெற்றோர் நேரிலே வந்து நிற்க வேண்டும். அதன்பின் 3 வருஷம் வரை, 6 மாதத்துக்கொரு தரம் பிள்ளையின் நலத்தை எழுதியனுப்பவும் வேண்டும். இதெல்லாம் வீண் காகித வேலை என்று முணுமுணுப்போர் உண்டு. காகிதத்தில் அவசரப்பட்டால் என்ன நேரும் என்பதை 1975 காட்டிற்று.

தான் எங்கிருந்து வந்தவன் என்று அறியும் உரிமையையும் அச்சட்டம் பிள்ளைக்குக் கொடுக்கிறது. இங்கேதான் வளர்ப்புத் தாய்க்கு மெய்யான சோதனை. "உன்னைப் பெற்றவள் வேறொருத்தி" என்று சொன்னால் தன்மேலுள்ள பாசம் குறைந்துபோகுமோ என்று அஞ்சுகிறாள். அஞ்சுவது இயல்பே. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அதுவும் பிள்ளை சிறியதாயிருக்கும்போதே. இரவு ஜெபம் சொல்ல முழங்காலில் நிற்கும்போது, தூரதேசத்தில் இருக்கும் அந்தத் தாய்க்காகவும் ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லப் பழக்கலாம். பெயர் தெரியாவிட்டால், "என்னைப் பெற்றவளுக்காக" என்று சொன்னால் போதும்.