மொழிக்கு உரியவர் யார்?

அழிவை நோக்கிச் செல்லும் ஒரு மொழியைக் காப்பதற்காக, அதனைப் பேசும் மக்களின் விருப்பத்தை மீறலாமா? சுவிற்சர்லாந்தின் கிழக்கே, கிரவுபுண்டன் மாநிலத்து மலைப் பள்ளத்தாக்குகளில் வழங்கும் ரொமான்ஷ் மொழியின் வரலாறு இவ்வினாவை எழுப்புகின்றது.

ரொமான்ஷ் இலத்தீனின் வழித்தோன்றல். பிரெஞ்சுக்கும் இத்தாலியத்துக்கும் உறவுமொழி. 1560ஆம் ஆண்டிலேயே புதிய ஏற்பாடு இம்மொழியில் அச்சேறியது. ஆனால், 1464இல் கூர் நகரம் தீக்கிரையானது. அதனை மீளக் கட்ட வந்த ஜேர்மன் மொழிக் கைவினைஞர் அங்கேயே குடியேற, ரொமான்ஷ் தன் நகரத்தை இழந்தது. பொதுமையம் இல்லாத மொழியில் ஐந்து எழுத்து வழக்குகள் நிலைபெற்றன.

1938இல் சுவிற்சர்லாந்து வாக்காளருள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் இதனைத் தேசிய மொழியாக ஏற்றனர். 1996இல், ரொமான்ஷ் பேசுவோருடனான அரசின் தொடர்புகளுக்கு இது உத்தியோக மொழியுமாயிற்று. எனினும், சட்டம் அளித்ததைப் பிழைப்பு பறித்தது. தொழிலும் வணிகமும் உயர்கல்வியும் ஜேர்மன் மொழியிலேயே நடைபெறுகின்றன. 2000ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் ரொமான்ஷைத் தம் முதன்மை மொழியாகக் குறித்தோர் ஏறத்தாழ 35,000 பேரே.

இந்நிலையில், ஹைன்ரிச் ஷ்மித் என்ற சூரிச் மொழியியலறிஞர் 1982இல் ஒரு பொது எழுத்துமொழியை வகுத்தார். இத்துணைச் சிறு கூட்டத்துக்கு ஐவகைப் பாடநூல் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. ஆனால், 2003இல் மாநில ஆட்சி பாடநூல்களைப் பொதுமொழியிலேயே வெளியிடத் தீர்மானித்து, பின்னர் அது பாடசாலைகளுள்ளும் நுழைந்தபோது, பெற்றோர் எதிர்த்தெழுந்தனர். 2011ஐ அடுத்துப் பல ஊர்கள் தத்தம் வழக்குக்கே மீண்டன.

இவர்களைப் பிற்போக்காளர் என ஒதுக்குதல் எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. வீட்டில் கேட்ட சொல்லைப் பாடசாலையில் பிழையென்று கேட்கும் குழந்தை, தன் தாயையே குறைவாக மதிக்கத் தொடங்கும். அதேவேளை, இம்மறுப்புக்கும் விலை உண்டு: ஐந்து வழக்குகளுக்கும் தனித்தனி நூல்கள் வேண்டும், சிறிய வழக்குகள் மேலும் தனிமைப்படும். அவ்விலையைக் கொடுப்பதா என்பதை நிர்ணயிக்கும் உரிமை அதனைக் கொடுப்போருக்கே உரியது. பொதுமொழி அலுவலகத்துக்கு உதவலாம். குழந்தையின் நாவில் அதனை ஆணையால் ஏற்ற இயலாது.

இம்மொழியைக் கற்க விழைவோர்க்கு, 1919இல் நிறுவப்பெற்ற லியா ருமாஞ்சா என்னும் அமைப்பு பயிற்சி நூல்களையும் அகராதிகளையும் வழங்குகின்றது. பொதுமொழியைக் கற்றவர் அரசாங்க அறிவித்தல்களை வாசிக்கலாம். டிசென்ரிஸ் ஊராரோடு உரையாடுவதற்கோ சுர்சில்வான் வழக்கே வேண்டும். ஆகவே, எந்த நூலைக் கற்பது என்பதற்கு முன், எம்மக்களோடு பேசுவது என்பதை மாணவர் தீர்மானிக்க வேண்டியுள்ளது. மொழிக்காக மக்களல்லர், மக்களுக்காகவே மொழி என்பதை அம்முதற் பாடமே உணர்த்திவிடுகின்றது.