யாரை மாற்றுவது?

திருவண்ணாமலைக்கு வருகிறவர்களில் பலர் எதையோ மாற்றிக்கொள்ள நினைத்து வருகிறவர்கள். சிலருக்கு வேலையை மாற்ற வேண்டும், சிலருக்கு ஊரை. செங்கம் சாலையில் ஆசிரமம் ஆசிரமமாக ஏறி இறங்குகிறவர்களுக்குக் குருவையே மாற்ற வேண்டும். 2025 கோடையில் இந்த வரிசையில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. டீக்கடை பெஞ்சிலும் தேரடியிலும் ஒரே பேச்சு: "கோச்சை மாத்தணுமா, பிளேயரை மாத்தணுமா?"

கேட்டவர்கள் மேல் தப்பில்லை. 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து முறை கோப்பை வாங்கிய சென்னை சூப்பர் கிங்ஸ், அந்த ஆண்டு 14 ஆட்டங்களில் 10இல் தோற்றுப் பட்டியலின் அடியில் கிடந்தது. அதற்கு முன் ஒருமுறைகூட அந்த அணி கடைசி இடத்துக்கு வந்ததில்லை. தடையில் கழிந்த இரண்டு ஆண்டுகள் நீங்கலாக, 2009 முதல் ஸ்டீஃபன் ஃபிளெமிங்தான் பயிற்சியாளர். இத்தனை காலம் சொல்லிக்கொடுத்தவரிடம் புதிதாகச் சொல்ல என்ன மிச்சம் இருக்கும் என்றது ஒரு கட்சி. கால் ஓடாத ஆளை வைத்துக்கொண்டு பிரம்மாவே வந்தாலும் என்ன செய்வார் என்றது இன்னொரு கட்சி.

பிரம்மா என்றதும் இந்த மலையின் கதை வந்துவிடுகிறது. யார் பெரியவர் என்று பிரம்மாவும் திருமாலும் வழக்காட, ஈசன் நெருப்புத் தூணாய் எழுந்து நின்ற இடம் இது. வராகமாகி அடியைத் தேடிப் போனவர், காணவில்லை என்று ஒப்புக்கொண்டார். அன்னமாகி மேலே பறந்தவர், தாழம்பூவைப் பொய்ச்சாட்சிக்கு வைத்துக்கொண்டு முடியைக் கண்டேன் என்றார். தோற்ற அணியைப் பற்றிய வாதங்களில் தாழம்பூவுக்குப் பஞ்சமே கிடையாது. எந்தப் புள்ளிவிவரத்தைப் பறித்தாலும் அது பறித்தவன் பக்கமே சாட்சி சொல்லும்.

வீட்டையும் வேலையையும் விட்டுவிட்டு எங்காவது போய்விடட்டுமா என்று கேட்டு வந்த குடும்பஸ்தர்களுக்கு இதே மலையில் வாழ்ந்த ரமணர் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொன்னார். போகிற இடத்துக்கெல்லாம் மனமும் கூடவே வரும் என்பது அதன் சாரம். சொன்னவரே 1896இல், பதினாறு வயதில், மதுரை வீட்டை விட்டுக் கிளம்பி வந்தவர். அதையும் அவரிடம் கேட்டிருக்கிறார்கள். தாம் முடிவெடுத்து வரவில்லை, பிராரப்தம் கொண்டுவந்து விட்டது என்பதாக அவர் விளக்கினார். வந்த பிறகும் ஓரிடத்தில் இருக்கவில்லை. பாதாள லிங்கம், குருமூர்த்தம், பவழக்குன்று, விருபாக்ஷ குகை, கந்தாசிரமம் என்று இடம் மாறி மாறி, 1922இல்தான் மலையடிவாரத்துக்கு இறங்கினார். ஆகவே மாற்றமே கூடாது என்று அவர் சொன்னதாகக் கொள்ள முடியாது. தவிப்பு தாங்காமல் கேட்கிற மாற்றத்தைத்தான் அவர் தடுத்தார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

தவிப்பில் கேட்கிற மாற்றத்தை மறுத்தால் என்ன ஆகும் என்பதைக் கூடைப்பந்து ரசிகர்கள் நம்மைவிட அதிகம் அறிவார்கள். களத்தில் ஐந்தே பேர். ஒருவர் சோர்ந்தாலும் ஒளிந்துகொள்ள இடமில்லை. 2010இல் லெப்ரான் ஜேம்ஸ் மயாமி ஹீட் அணிக்கு வந்தபோது முதல் 17 ஆட்டங்களில் 8 தோல்வி. பயிற்சியாளர் எரிக் ஸ்போல்ஸ்ட்ராவை அனுப்பு என்று ஒரே கூச்சல். அணி நிர்வாகத்தின் தலைவர் பாட் ரைலி அசையவில்லை. அந்தப் பருவத்தின் இறுதிப் போட்டியிலும் தோற்றார்கள்; அப்போதும் அசையவில்லை. 2012இலும் 2013இலும் கோப்பை வந்தது.

இதோடு நிறுத்தினால் பொறுத்தார் பூமியாள்வார் என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் அதே லெப்ரான் ஆடிய கிளீவ்லாண்ட் அணி, 2016 ஜனவரியில், 30 வெற்றி 11 தோல்வி என்று முன்னணியில் இருந்தபோதே பயிற்சியாளர் டேவிட் பிளாட்டை நீக்கியது. வென்ற இரவுகளில்கூட ஆட்டக்காரர்களுக்குள் ஒட்டுதல் இல்லை என்பது நிர்வாகம் கண்ட குறை. டைரன் லூ வந்தார். ஜூன் மாதம் அவர்கள் சாம்பியன். தோல்வி கண்ணை மறைக்காத நேரத்தில் எடுத்த முடிவு அது. அதனால்தான் பலித்தது என்று நினைக்கிறேன்.

சிகாகோ புல்ஸ் 1989இல் டக் காலின்ஸை அனுப்பிவிட்டு ஃபில் ஜாக்சனை அமர்த்தியது. ஜென் தியானத்தில் ஊறிய மனிதர் அவர். மைக்கேல் ஜோர்டான் உட்பட எல்லோரையும் பேசாமல் உட்கார வைத்தார். 1991இல் முதல் கோப்பை, மொத்தம் ஆறு. பெயர் எல்லாம் ஜாக்சனுக்கே. அந்த இளைஞர்களை மூன்று ஆண்டுகள் வளர்த்துக் கொடுத்த காலின்ஸை நினைப்பவர்கள் குறைவு. இந்த இடத்தில் எனக்கு யோகி ராம்சுரத்குமார் நினைவுக்கு வருகிறார். கங்கைக் கரையில் 1918இல் பிறந்து, குருவைத் தேடித் தெற்கே வந்தவர். அரவிந்தரைத் தரிசித்தார், ரமணரிடம் வந்தார், கடைசியில் 1952இல் காஞ்ஞங்காடு ஆனந்தாசிரமத்தில் பப்பா ராமதாஸிடம் ராம நாமம் பெற்றார். பின்னாளில் நம் தேரடிக்கு வந்து தம்மைப் பிச்சைக்காரன் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், அந்த மூவரையுமே தம் தந்தையர் என்றார். நாமம் தந்தவர் ஒருவர்தானே என்று மற்ற இருவரைத் தள்ளவில்லை. குரு மாறியதில் அவருக்கு மனக்கசப்பு எதுவுமே இல்லை.

சரி, சென்னை என்ன செய்திருக்க வேண்டும்? நான் ஒன்றைத்தான் பார்ப்பேன்: சொல் ஏறுகிறதா? பயிற்சியாளரின் சொல் ஆட்டக்காரர் காதில் ஏறவில்லை என்றால், எவ்வளவு பெரிய மகானாக இருந்தாலும் அவர் விடைபெற வேண்டும். சொல் ஏறியும் உடம்பு ஒத்துழைக்கவில்லை என்றால் ஆட்டக்காரர் விடைபெற வேண்டும். 2025 பருவத்தின் நடுவில் வந்து சேர்ந்த பதினேழு வயது ஆயுஷ் மாத்ரே பெங்களூருக்கு எதிராக 48 பந்துகளில் 94 ரன் எடுத்தார். டெவால்ட் பிரெவிஸும் வந்த வேகத்தில் அடித்தார். ஃபிளெமிங்கின் ஓய்வறையில் சொல் இன்னும் ஏறுகிறது என்பதற்கு எனக்கு அது போதும். (நானும் ஒரு தாழம்பூவைப் பறித்துவிட்டேன் என்று நீங்கள் சொல்லலாம்.)

நிர்வாகமும் அந்த வழியே போனது. பயிற்சியாளரை வைத்துக்கொண்டு, நவம்பரில் ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கியது. 2022இல் ஜடேஜாவைத் தலைவராக்கி, 8 ஆட்டங்களில் 6 தோற்றதும் தோனியிடமே தலைமை திரும்பிய பதற்றத்தோடு ஒப்பிட்டால், இது நிதானமாக எடுத்த முடிவு. வலிக்கத்தான் செய்யும். 2023 இறுதியில் கடைசி இரண்டு பந்துகளில் 10 ரன் தேவைப்பட்டபோது சிக்ஸரும் ஃபோரும் அடித்துக் கோப்பையைக் கையில் கொடுத்தவர் ஜடேஜா அல்லவா? ஆனாலும் முடிவு சரி.

ரசிகர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. ராஜஸ்தான் சட்டையில் ஜடேஜா எப்போது சேப்பாக்கம் வந்தாலும், எழுந்து நின்று கைதட்டுங்கள்.